யூதப் பாட்டிக்குத் தலையாட்டி பொம்மை தரலாமா?

கேள்வி: ஹைஃபாவில் ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. வெள்ளி மாலை விளக்கேற்றுவார்; சனிக்கிழமை சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பும்போது அவருக்குத் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வாங்கிப் போக ஆசை. "யூதர்களுக்கு உருவமே ஆகாது, வேலை போய்விடும்" என்கிறாள் தோழி. ஆனால் பாட்டி வீட்டுச் சுவர் முழுக்கப் பேரப்பிள்ளைகளின் படங்கள்! என் அறையில் முருகன் படம் வைக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, திருவாரூர்

பதில்: பொம்மை வேண்டாம் அம்மா. ஆனால் உங்கள் தோழி சொல்கிற அளவுக்கு விஷயம் எளிதில்லை.

பத்துக் கட்டளைகளில் உருவத்துக்கான தடை வரும் இடத்தை, யூத வேதத்தில் யாத்திராகமம் என்ற நூலின் 20-ஆம் அதிகாரத்தை, முழுதாகப் படியுங்கள். வானத்திலும் பூமியிலும் நீரிலும் உள்ள எதற்கும் உருவம் செய்யாதே என்று தொடங்கி, அவற்றை வணங்காதே என்று போகிறது. அதே வேதத்தின் இன்னொரு நூலான உபாகமம் 4 காரணமும் சொல்கிறது: "கடவுள் பேசிய ஓரேப் மலையில் நீங்கள் குரலைத்தான் கேட்டீர்கள், எந்த உருவத்தையும் காணவில்லை." அதே சமயம், கட்டளைப் பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியின் மேல் சிறகு விரித்த இரண்டு கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களைப், பொன்னால் செய்யச் சொன்னதும் அந்தக் கடவுள்தான்.

யூதர்களை வழிநடத்திய மோசேயின் வெண்கலப் பாம்பு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பாம்புக்கடி பட்டவர்கள் பார்த்துப் பிழைக்கட்டும் என்று கடவுள் சொல்லித்தான் மோசே அதைச் செய்தார். பல நூற்றாண்டுகள் கழித்து மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். மோசே செய்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் இருக்கும் ஹைஃபாவுக்கு வடக்கே அக்கோ இருக்கிறதே, அங்கே கிரேக்கக் காதல் தெய்வமான அஃப்ரோதித்தியின் சிலை நின்ற குளியல் மண்டபத்துக்கு ரப்பான் கமாலியேல் என்ற பெரிய குரு குளிக்கப் போனதை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. "இது எப்படிச் சரி?" என்று கேட்டவரிடம், "நான் அவள் எல்லைக்குள் போகவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்திருக்கிறாள்" என்றாராம். சிலை அங்கே அலங்காரம், அவ்வளவுதான். நேரம் கிடைத்தால் பெத் ஆல்ஃபாவுக்கும் போய்வாருங்கள். 6-ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடம் அது. அதன் தரையில் ராசிச் சக்கரம், நடுவில் நான்கு குதிரைத் தேரில் சூரியன்!

பின்னால் விதிகள் இறுகின. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூல், முழு மனித உருவத்தைப் புடைப்பாகச் செய்யக் கூடாது என்கிறது. தட்டையாக வரைவதில் தவறில்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள் அதனால்தான் சுவரில் இருக்கின்றன. சூரிய சந்திரருக்கோ தட்டையாகவும் கூடாது. குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளைப் பல ரப்பிகள் (யூத மதகுருக்கள்) ஏற்கிறார்கள் என்றாலும், அலமாரியில் அழகுக்கு நிற்கிற முழு உருவம் பாட்டிக்குச் சங்கடம் தரலாம். பரிசை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர் ஏன் தவிக்க வேண்டும்?

ஒரு சின்னப் பட்டுத்துணி வாங்கிப் போங்கள். வெள்ளி இரவு திராட்சை ரசத்தை வாழ்த்தும்வரை ரொட்டியை ஒரு துணியால் மூடி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்குக் காஞ்சிப் பட்டு எவ்வளவு பொருத்தம்! பூ, கொடி, மயில் எதுவும் இருக்கலாம். சாமி உருவமும் சூரிய சந்திரரும் வேண்டாம். அப்புறம், நல்லெண்ணத்தில்கூட அதைக் கோயிலில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். 2004-இல் திருப்பதி முடிக்காணிக்கையில் செய்த விக்குகளை ரப்பி எல்யாஷிவ் தடை செய்தபோது, இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் பக்தியுள்ள பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். தெய்வத்துக்குப் படைத்த பொருள் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு.

முருகன் படத்துக்கு வருகிறேன். உங்கள் சாமியைக் கும்பிட நீங்கள் கூச வேண்டியதில்லை. ஆனால் வீடு பாட்டியுடையது. வேறு தெய்வ உருவம் தன் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அவர் மனதார நம்பலாம். அவருக்குத் தெரியாமல் வைத்துப் பிறகு தெரியவந்தால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அவர் பிள்ளைகளில் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: "என் அலமாரிக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளட்டுமா?" சரி என்றால் ஊதுபத்தி மட்டும் வேண்டாம். முடியாது என்றால் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, விடுப்பு நாளில் வெளியே போய்க் கும்பிடுங்கள். விமானம் ஏறும் முன்பே போனில் பேசிவிடுவது நல்லது. வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையும் மட்டும் கூப்பிடாதீர்கள்.