பலூன் கட்டியும் எடை குறைந்தது ஏன்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சியில் வேதிவினையில் பொருள்களின் மொத்த நிறை மாறாது என்ற நிறை மாறா விதியைச் செய்து காட்டினாள். குடுவையில் 200 மில்லி வினிகர், அதன் வாயில் மாட்டிய பலூனுக்குள் 8 கிராம் ஆப்ப சோடா. பலூனை நிமிர்த்திச் சோடாவைக் கொட்டியதும் நுரைத்துப் பலூன் உப்பியது. ஆனால் தராசில் இரண்டரை கிராம் குறைந்துவிட்டது. "எங்கேயோ கசிகிறது" என்று ஒதுக்கிவிட்டார்கள். நூல் சுற்றி இறுக்கித்தான் கட்டியிருந்தாள். தப்பு எங்கே சார்?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் மகள் செய்ததில் தப்பே இல்லை. முதலில் இதை அவளிடம் சொல்லுங்கள் அம்மா.

8 கிராம் சோடாவிலிருந்து சுமார் 4.2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். அது மொத்தமும் கசிந்திருந்தால் நாலு கிராம் குறைந்திருக்க வேண்டும், பலூனும் உப்பியிருக்காது. நடந்தது வேறு. வாயுவில் கொஞ்சம் வினிகரிலேயே கரைய, மீதி இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பலூனை நிரப்பியது. அவ்வளவு காற்றை அது விலக்கியாக வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிராம். விலகிய காற்றின் எடைக்குச் சமமான விசை பலூனை மேலே தாங்குகிறது. கிணற்றில் முங்கிய குடம் கை கனக்காதது போலத்தான். அவள் பார்த்த இரண்டரை கிராம் இதுவே. உள்ளே இருக்கும் பொருள் துளியும் குறையவில்லை.

பெர்லினில் ஹான்ஸ் லாண்டோல்ட் என்ற வேதியியலாளர் கண்ணாடிக் கலங்களை உருக்கி மூடி, இதே விதியை ஆண்டுக்கணக்காகச் சோதித்தார். அவருக்கும் மிக நுண்ணிய எடைக்குறைவு தெரிந்தது. வினையின் சூட்டில் கண்ணாடி லேசாக விரிந்து கூடுதல் காற்றை விலக்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார். அவ்வளவு பெரியவரையே தடுமாற வைத்த விஷயம் இது!

இனி பலூன் வேண்டாம். ஒரு லிட்டர் காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் 100 மில்லி வினிகர் ஊற்றி, 4 கிராம் ஆப்ப சோடா போட்ட சின்னச் சோதனைக்குழாயை நின்ற வாக்கில் உள்ளே இறக்கி, மூடியை இறுக்கி எடை போடச் சொல்லுங்கள். பிறகு பாட்டிலைச் சாய்த்துக் கலந்து மறுபடி தராசில் வைத்தால், பாட்டில் பலூன் போல உப்பாததால் 0.1 கிராம் வரை காட்டும் தராசில் எண் அநேகமாக அசையாது. மூடியை மெல்லத் திருகினால் 'உஸ்' என்று காற்று வெளியேறும், ஒரு கிராமுக்கு மேல் இறங்கும். ஆப்ப சோடாவின் அளவைக் கூட்டக் கூடாது. கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது, வெடித்துவிடும்.

இந்தப் பக்கத்தை மகளிடம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். இரண்டு சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் மறுபடி செய்து காட்டட்டும்.