அந்த மூன்று கட்டங்களும் காலியாகவே இருக்கட்டும்

கேள்வி: ஒரு விமான நிறுவனத்தின் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சி செக் என்ற பெரிய பராமரிப்புச் சோதனை முடிந்து போன ஒரு விமானத்தின் கோப்பை மூடும்போது மூன்று டாஸ்க் கார்டுகளில் (செய்ய வேண்டிய வேலையை எழுதி, முடித்ததும் கையெழுத்து வாங்கும் தாள்கள்) கையெழுத்தே இல்லை என்பதைப் பார்த்தேன். இன்னொரு கார்டில், வேலையை முடித்ததற்கு அடையாளமாக ஒரு டெக்னீஷியனின் ஸ்டாம்ப் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியில் அந்த டெக்னீஷியன் விடுப்பில் இருந்ததாக வருகைப் பதிவு சொல்கிறது. மேலதிகாரியிடம் சொன்னேன். “வேலை நடந்தது எல்லாருக்கும் தெரியும். விமானம் பதினைந்து நாளாகப் பறக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துவிடு” என்கிறார். அடுத்த வாரம் தணிக்கை. வெறும் காகித விஷயத்தை நான்தான் பெரிதாக்குகிறேனா? வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பெரிதாக்கவில்லை. பழைய தேதியில் யாரிடமும் எதையும் வாங்காதீர்கள். அந்த மூன்று கையெழுத்துக் கட்டங்களும் இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும்.

காலிக் கட்டம் ஒரு குறைதான், ஆனால் உண்மையைச் சொல்கிற குறை. ‘இந்த வேலை நடந்ததா என்று யாரும் இங்கே உறுதி தரவில்லை’ என்று அது சொல்கிறது. பார்க்கிறவர் நின்று கேட்பார், பேனலைத் திறந்து பார்ப்பார். பழைய தேதியில் ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் காரணம் இருக்காது. அடுத்த சோதனை எப்போது என்ற கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

நான் ஹேங்கரில் வேலை பார்த்த காலத்தில், ஒருநாள் இரவு ஷிஃப்டுக்கு வந்தபோது ஒரு கார்டின் கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பகல் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பேனலை யாரோ மூடியிருந்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது. கட்டம் காலி என்பதால் மட்டுமே திறந்தேன். உள்ளே ஒரு இணைப்பில், அது கழன்றுவிடாமல் கட்டும் சேஃப்டி வயர் போடவில்லை. பாதியில் கிளம்ப வேண்டியிருந்த அந்த மனிதர், முடிக்காத வேலைக்குக் கையெழுத்துப் போடாமல் போயிருந்தார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது ‘பதினைந்து நாளாகப் பறக்கிறது’ என்ற பேச்சுதான். 1991 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஈகிள் லேக் என்ற ஊருக்கு அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 நடுவானில் உடைந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். முந்தின இரவு அதன் வால் பகுதியில் வேலை நடந்திருந்தது. கிடைமட்ட வால் இறக்கையின் முன்விளிம்பில் பனிக்கட்டி பிடிக்காமல் காக்கிற ரப்பர் உறையை மாற்ற வேண்டும். மாலை ஷிஃப்டில் இருந்தவர்கள் வலதுபக்கத்தோடு இடதுபக்கத்தின் மேல் ஸ்க்ரூக்களையும் கழற்றினார்கள், இடதுபக்கத்தில் மட்டும் 47. கழற்றியதைக் கார்டில் எழுதவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வலதுபக்க வேலையை முடித்தார்கள். இடதுபக்கத்தை யாரும் தொடவில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள். அந்த ரகத்தில் வால் இறக்கை உச்சியில் இருக்கும். கீழே நின்று பார்த்தால் மேற்பரப்பு தெரியாது. விமானம் பறக்கத் தயார் என்று விடுவிக்கப்பட்டது.

காலையில் அது ஒரு பயணத்தை முடித்து நல்லபடியாகத் தரையிறங்கியது. திரும்பி வருகிற பயணத்தில்தான் அந்த விளிம்பு பிய்ந்து போனது. இரண்டு பயணங்களுக்கும் நடுவில் யாராவது கேட்டிருந்தால், ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்றுதான் பதில் வந்திருக்கும்.

இன்னொன்று சமீபத்தியது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைக்கும் பிளக் பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் போடப்படவே இல்லை. தொழிற்சாலையில் அந்தப் பிளக்கைத் திறந்ததற்கான பதிவையே காணோம். எழுதியிருந்தால், திரும்ப மூடியதைச் சரிபார்க்க வேண்டும் என்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். அந்த விமானமும் ஏறக்குறைய இரண்டு மாதம் பயணிகளைச் சுமந்து பறந்ததுதான். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. மூன்று கார்டுகளின் எண், விமானத்தின் பதிவு எண், நீங்கள் கவனித்த தேதி, மேலதிகாரியிடம் சொன்ன தேதி, அவர் சொன்ன பதில், இவற்றை இன்றே குறித்து வையுங்கள். நிறுவன ஆவணங்களைப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். அப்புறம் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ‘இந்தக் கார்டுகளில் கையெழுத்து இல்லை, எப்படித் தீர்ப்பது என்று குவாலிட்டி பிரிவிடம் கேட்க விரும்புகிறேன்’ என்ற அளவு போதும். வாயால் ‘பழைய தேதி போடு’ என்று சொல்கிற பலர், எழுத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

தாமதமாகக் கையெழுத்திடுவதற்கு நேர்மையான வழி உண்டு. உங்கள் நிறுவனக் கையேட்டில் தேடிப் பாருங்கள். வேலையைச் செய்தவரே வந்து, இன்றைய தேதியைப் போட்டு, எப்போது செய்தேன், ஏன் அன்றே பதிவாகவில்லை என்று எழுதிக் கையெழுத்திடலாம். அதற்கு அவர் முன்வரவில்லை என்றால், அந்த வேலை நடக்காத வேலைதான். திரும்பச் செய்ய வேண்டும். அதுவரை விமானம் பறக்கலாமா என்பதை நீங்களோ உங்கள் மேலதிகாரியோ முடிவு செய்யக் கூடாது, அதற்கு அதிகாரம் உள்ள பொறியாளர் முடிவு செய்யட்டும். அதனால்தான் தணிக்கை வரும்வரை காத்திருக்காமல் இன்றே சொல்லச் சொல்கிறேன். தணிக்கையில் காலிக் கட்டம் அகப்பட்டால் ஒரு குறிப்பு எழுதுவார்கள், நிறுவனம் பதில் சொல்லித் திருத்தும். பொய்த் தேதி அகப்பட்டால் கையெழுத்துப் போட்டவரின் உரிமமே போகலாம். வருகைப் பதிவையும் ஸ்டாம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தணிக்கையாளர்களுக்குப் பழக்கமான வேலை. நீங்களே அப்படித்தானே கண்டுபிடித்தீர்கள்?

குவாலிட்டி பிரிவும் கண்டுகொள்ளவில்லை என்றால் அதோடு நின்றுவிட வேண்டாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19-ஆவது இணைப்பு, ஒவ்வொரு விமான நிறுவனத்திலும் பாதுகாப்புக்கு இறுதிப் பொறுப்பேற்கும் ஒரு நிர்வாகி இருக்க வேண்டும் என்கிறது. வேலையை அவர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாதபடி தகவல் அவரிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஈகிள் லேக் விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர் ஜான் லாபர் தனியாக மாற்றுக் கருத்து எழுதினார். நிறுவனத்தின் மேல்மட்டம் பாதுகாப்புப் பண்பாட்டை வளர்க்கத் தவறியதையும் விபத்துக்கான காரணமாகச் சேர்க்க வேண்டும் என்றார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஸ்க்ரூவைக் கழற்றியவர்களோடு கணக்கை முடித்துவிட்டால், எழுதாமல் விடுவதை வழக்கமாக்கிய இடம் அப்படியே இருந்துவிடும்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. எதுவும் ஆகாது என்று என்னால் வாக்குத் தர முடியாது. ஆனால் துணை இருக்கிறது. உள்ளே ரகசியப் புகார் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதிலும் நம்பிக்கை இல்லை என்றால் உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போகலாம். அமெரிக்காவில் நாசா 1976-இலிருந்து நடத்தும் ரகசிய அறிக்கை முறையில் விமானிகள் மட்டுமல்ல, பராமரிப்பு ஆட்களும் எழுதுகிறார்கள். பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக வேலையில் பழிவாங்கப்பட்டால், அந்த நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் முறையிட வேண்டும். உங்கள் நாட்டில் என்ன பாதுகாப்பு, எத்தனை நாள் கெடு என்பதை மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்பே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த நான்காவது கார்டு. விடுப்பில் இருந்தவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவரை ஓவர்டைமுக்கு அழைத்து, வருகைப் பதிவில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். அல்லது அவருடைய ஸ்டாம்பை வேறு யாரோ எடுத்து அடித்திருக்கலாம். அப்படியென்றால் அவருக்கே இது இன்னும் தெரியாது. அந்த ஸ்டாம்ப் எண் இருக்கிற மற்ற கார்டுகளையும் எடுத்துப் பார்க்கச் சொல்லி, குவாலிட்டி பிரிவுக்கு எழுதும்போது கேளுங்கள்.