கண் லேசர்: வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

கேள்வி: அக்காவுக்குக் கண்ணாடி பவரைச் சரிசெய்யும் லேசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்தபோது முடி கருகுவது மாதிரி வாடை வந்ததாம். எனக்கும் மைனஸ் ஐந்து பவர். லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: வாடை வரும், உங்கள் அக்கா சொன்னது சரிதான். ஆனால் கண் கருகுவதில்லை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் கருவிழியைச் செதுக்குவது 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். அது மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடும். அறுந்த துணுக்குகள் ஆவியாகப் பறக்கும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். அந்தத் துணுக்குகளின் வாடைதான் மூக்குக்கு எட்டுகிறது. லேசரின் ஒரு துடிப்பில் செதுக்கப்படுவது மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிளாஸ்டிக்கை இந்தக் கதிரால் செதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1981 நவம்பரில், நன்றி நவிலல் பண்டிகை விருந்தில் மீந்த வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். பச்சை லேசர் பட்ட இடம் கருகியது. 193 பட்ட இடத்தில் சுத்தமான வெட்டு. 1983-ல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து கருவிழியிலும் அதைச் செய்து காட்டினார். நம் ஊர்ப் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இந்தக் கருவிகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. ஆபரேஷன் நாளில் காலையில் முதல் லேசர் ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மேல்தான் பாயும். செதுக்கிய தகட்டில் எதிர்பார்த்த பவர் வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் நோயாளியைக் கூப்பிடச் சொல்வேன். அறையின் சூடும் ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சென்ட் போட்டு வராதீர்கள். அதன் ஆவி லேசரின் அளவைக் கெடுக்கும்.

அப்புறம் ஒன்று. கருவிழியின் கனமே அரை மில்லிமீட்டர்தான். அளந்து பார்த்த டாக்டர் 'உங்களுக்கு இது வேண்டாம்' என்றால், செய்து தரும் இடத்தைத் தேடி அலையாதீர்கள். கண்ணாடியே போதும்.

கேள்வி: புரை ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு மறுபடி மங்கல். லேசர் போடச் சொல்கிறார்கள். இதுவும் அதேதானா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: இல்லை, இது யாக் லேசர். வைத்த லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும். அதில் சின்னத் திறப்பு போடுவார்கள். கத்தி, தையல் கிடையாது. சில நிமிட வேலை. கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு நீங்களும் போங்கள்.