கோவையிலிருந்து பறக்கும்போது நீலகிரி எந்த ஜன்னலில் தெரியும்?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் அம்மாவைக் கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அழைத்துப் போகிறேன். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். "நம்ம மலை மேலேருந்து தெரியுமா?" என்று தினமும் கேட்கிறார். எந்த சீட் எடுப்பது?

பதில்: வானம் தெளிவாக இருந்தால் நன்றாகவே தெரியும். போகும்போது இடப்பக்க ஜன்னல், அதாவது ஏ. திரும்பி வரும்போது வலப்பக்கம், எஃப். சென்னை கோவைக்கு வடகிழக்கே இருக்கிறது, நீலகிரியோ வடமேற்கே. மூக்கைச் சென்னை நோக்கித் திருப்பினால் மலை இடக்கைப் பக்கம் வந்துவிடும்.

பக்கத்தைச் சரியாகப் பிடித்தும் பலர் ஏமாறுவது வரிசையில்தான். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 வரையிலான வரிசைகளில் கீழே பார்த்தால் இறக்கைதான் தெரியும். நானும் ஒருமுறை ஏ சீட் கிடைத்த மகிழ்ச்சியில் 14-ஆம் வரிசையில் உட்கார்ந்து, வெள்ளைத் தகட்டையே பார்த்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா? கோவையிலிருந்து கிளம்பும்போது மலை பக்கவாட்டில் தொடங்கிப் பின்னால் நழுவிக்கொண்டே போகும். அதனால் போகும்போது இறக்கைக்குப் பின்னால், 22-க்கு மேல். எஞ்சினின் வெப்பக் காற்றில் போட்டோ சில சமயம் அலையடித்தது போல வரும், கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. திரும்பும்போது மலை முன்னால் வலப்புறம் எழுந்து, நெருங்க நெருங்கப் பக்கவாட்டுக்கு வரும். அப்போது இறக்கைக்கு முன்னால், 8-க்குள் எடுங்கள். ஏடிஆர் விமானம் என்றால் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் இந்தக் கவலை குறைவு. போயிங் 737-ல் மட்டும் இறக்கைக்குச் சற்று முன்னால் ஓரிரு இடங்களில் ஜன்னலே இருக்காது. சுவருக்குள் ஏசி குழாய் போகிறது. சீட் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். கோவை ஓடுபாதை தென்மேற்கு, வடகிழக்காகக் கிடக்கிறது. வடகிழக்கே எழும்பினால் மலை உடனே இடப்பக்கம் வரும். தென்மேற்கே எழும்பினால் முதலில் வலப்பக்க ஜன்னல்காரர்களுக்குத்தான் தெரியும். விமானம் திரும்பி முடித்ததும் உங்கள் பக்கம் வந்துவிடும். அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், காணோமே என்று பதறாமல் இருப்பார்.

எதைத் தேட வேண்டும்? தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம்தான், ஆனால் மேலிருந்து பார்த்தால் மழுங்கிய முதுகு போலக் கிடக்கும். அதை வைத்து அடையாளம் பிடிப்பது கடினம். முதலில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பைத் தேடுங்கள். அதற்கு மேற்கே சமவெளியிலிருந்து சுவர் போல எழும்பும் விளிம்புதான் நம் மலை. அந்தக் கிழக்கு விளிம்பில் துருத்தி நிற்பது ரங்கசாமி மலை. கோடநாட்டிலிருந்து அதைப் பார்த்துப் பழகியவர் அம்மா. தலைகீழ்க் கோணத்திலும் சட்டென்று கண்டுகொள்வார் என்று நம்புகிறேன். வடபக்கம் மாயாறு பள்ளம் ஒரு வெட்டு போலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதே ஜன்னலில் மேட்டூர் அணையும் வரும்.

காலை விமானம் கிடைத்தால் விடாதீர்கள். கோத்தகிரி மலையின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் காலை வெயில் நேராக அதன் மேல் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட, கருநீல நிழல்தான் மிஞ்சும். ஜனவரி நல்ல மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மேகம், அக்டோபர், நவம்பரில் உங்கள் சரிவையே மூடும் வடகிழக்குப் பருவ மேகம், ஏப்ரலில் வெப்ப மூட்டம். ஜனவரி காலையில் சமவெளியில் பனி படர்ந்திருந்தால் இன்னும் அழகு, மலை மட்டும் தீவு மாதிரி நிற்கும்.

கொடைக்கானல்காரர்களும் இதையே கேட்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏ, வரும்போது எஃப். மதுரைக்கு அருகில் முதலில் தெரிவது சிறுமலை, பழனி மலை அதற்கு அப்பால் மேற்கே.

அப்புறம், சக்கரம் தரையை விட்டதுமே பார்க்கத் தொடங்கச் சொல்லுங்கள். நேர்கோட்டில் கோத்தகிரி விமான நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் விமானம் அதை விட்டு வேகமாக விலகிக்கொண்டிருக்கும். ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு, நடு சீட் உங்களுக்கு.