பத்தாவது, பிளஸ் டூவுக்குப் பிறகு: வாசகர் கேள்விகள்

பையன் பத்தாவதில் 268 மதிப்பெண். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறான். ‘டிகிரி இல்லாத பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்’ என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அனுப்பலாமா?
ஒரு தாய், திண்டுக்கல்

தாராளமாக அனுப்புங்கள், அம்மா. இன்ன தொழில் வேண்டும் என்று அவனே வாய்விட்டுக் கேட்கிறான் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பல வருடம் ஐடிஐயில் பாடம் எடுத்தவன் நான். வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வந்த பையனையும், விரும்பி வந்த பையனையும் முதல் வாரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரிலேயே மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கும். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும். எரிந்துபோன காயிலை வெட்டி எடுக்கும்போது எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ் (தடிமன்) என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார்கள். எண்ணிக்கை தப்பிச் சுற்று குறைந்துவிட்டால், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறி, திரும்பவும் கடைக்கே வந்துவிடும். அந்தப் பொறுமையும் வார்னிஷ் வாடையும் அவனுக்குப் பிடித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன் 2 வருடப் படிப்பு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். முடித்ததும் ஒரு நல்ல தொழிற்சாலையில் அப்ரன்டிஸ், அதாவது தொழில் பழகுநராகப் போகச் சொல்லுங்கள். இதை மட்டும் தவறவிடவே கூடாது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் உதவி ஓட்டுநர்) தேர்வு எழுத பத்தாவதும் ஐடிஐயும் போதும். சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்வதென்றால் மின் உரிம வாரியத்தின் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிகிரிக் கதவும் அடைபடாது. ஐடிஐ முடித்தவன் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், அதை முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டும் சேரலாம். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கட்ஆஃப் 118. ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் தருகிறார்கள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமும் கிடைக்கும். எது நல்லது?
மாணவி, அரியலூர்

கணக்கு உங்களுக்குப் பிடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லையே, அம்மா. 200-க்கு வரும் அந்த கட்ஆஃபில் 100 கணக்குக்கு உரியது, மீதி 100-தான் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து. உங்கள் கணக்கு மதிப்பெண்ணைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதில் தடுமாற்றம் என்றால் இரண்டு படிப்புமே கஷ்டம்தான், ஏனென்றால் டேட்டா சயின்ஸ் முழுக்க நிகழ்தகவும் அணிகளும்தான்.

கணக்கு பிடிக்கும் என்றால் நான் அரசுக் கல்லூரியைத்தான் சொல்வேன். பி.எஸ்சி. படித்துக்கொண்டே நிரலாக்கம் கற்றுக்கொண்டு, பிறகு எம்.சி.ஏ. போகலாம். பி.எட். முடித்து ஆசிரியராகவும் ஆகலாம். பொறியியல்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளுக்குப் பருவத்துக்குப் பருவம் அதை வெளியிடுகிறார்கள். அப்படியே கல்லூரி வாசலில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள், லேப் எப்படி, யார் பாடம் எடுக்கிறார்கள் என்று. விளம்பரப் பலகையில் இதெல்லாம் இருக்காது.

அப்புறம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரா நீங்கள்? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது பொருந்தாது. முதலில் இதை விசாரித்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கப் போகிறேன். வேலையா, பி.இ.யா?
மாணவர், ஓசூர்

வீட்டில் பணக் கஷ்டம் இல்லையென்றால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருங்கள். கஷ்டம் என்றால் வேலைக்குப் போங்கள். ஒரு வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துவிடும், தம்பி.

நீட் எழுதவில்லை. பயாலஜி குரூப். நர்சிங் சேரலாமா? நான் பையன்.
மாணவர், நாகர்கோவில்

சேரலாம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் இடம். ஆண்களும் படிக்கிறார்கள். இரவுப் பணி உண்டு, நோயாளியைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வாந்தியும் ரத்தமும் பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் முடியாமல் கிடந்த தாத்தாவையோ பாட்டியையோ கவனித்த அனுபவம் இருந்தால் உங்களுக்கே விடை தெரியும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

குரூப் 2 எழுத ஆசை. பி.ஏ. வரலாறு தமிழ் வழியில் படித்தால் குறைச்சலா?
மாணவி, திருவாரூர்

இல்லவே இல்லை. டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

4 லட்சம் கல்விக் கடன் வாங்கினால் எவ்வளவு கட்ட வேண்டி வரும்?
ஒரு தந்தை, தேனி

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 1 லட்சமாக 4 வருடம் தருவார்கள். படிப்பு முடிந்தும் ஒரு வருடம் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. தனி வட்டிக் கணக்கிலேயே 1,40,000 ஆகிவிட்டது. 5,40,000 ரூபாயை 10 வருடத்தில் அடைக்க மாதம் 7,000-க்கு மேல் வரும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வாருங்கள், ஐயா. முதல் வருடத்தில் அது மாதம் 850 ரூபாய்க்குள்தான் இருக்கும்.