வாங்குவோர் கேள்வி-பதில்: கணினியும் நிலைமின்சாரமும்

கேள்வி: குளிரூட்டிய அறையில் நாற்காலியிலிருந்து எழுந்து பென் டிரைவைச் செருகும்போது விரலில் சுரீரென்று அடிக்கிறது. கணினி கெட்டுவிடுமா? (கோவை)

பதில்: அது உரசலால் உடலில் சேரும் நிலைமின்சாரம். மூடிய கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, யூ.எஸ்.பி. துளைகளுக்குப் பின்னால் இந்த அடியைத் தாங்குவதற்கென்றே சிறு டயோடுகளை வைக்கிறார்கள். பெட்டியைத் திறந்த பிறகுதான் ஆபத்து. விரல் உணரும்படி அடிக்க உடலில் ஏறத்தாழ 3000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். பாதுகாப்பில்லாத சில சில்லுகளுக்கோ 100 வோல்ட்டே போதும். உங்களுக்குத் தெரியாமலே அடி விழுந்துவிடும் என்பதால், ரேமையோ மதர்போர்டையோ தொடும் முன் எர்த் உள்ள ஓர் உலோகப் பரப்பைத் தொட்டுவிட்டு, பலகையின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

கேள்வி: ரப்பர் செருப்பு அணிந்துகொண்டு கணினியைத் திறந்தால் நிலைமின்சாரம் வராதல்லவா? (தஞ்சாவூர்)

பதில்: நேர்மாறு. உடலில் சேர்ந்தது தரைக்கு இறங்காமல் தடுப்பதே அந்தச் செருப்புதான்.

கேள்வி: கேபினெட்டின் பின்புறத்தைத் தொடும்போதெல்லாம் கூசுகிறது. நிலைமின்சாரம் என்று சொல்லி, கடைக்காரர் 1,800 ரூபாய்க்கு ஒரு ஆன்டி ஸ்டாட்டிக் விரிப்பை விற்றார். விரித்த பிறகும் கூச்சம் நிற்கவில்லை. (திண்டுக்கல்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நிலைமின்சாரம் ஒரு முறை அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கை வைத்திருக்கும் வரை கூசினால் அது கசிவு. கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளே, மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு மின்தேக்கிகள் இரு மின்கம்பிகளையும் உலோகப் பெட்டியோடு இணைக்கின்றன. அவற்றின் வழியாக வரும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் கம்பியில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால், நம் 230 வோல்ட்டில் பாதியளவு, அதாவது 115 வோல்ட் வரை, பெட்டியின் மேல் நிற்கும். விரிப்பின் கம்பியும் அதே எர்த்தில்தான் சேர வேண்டும் என்பதால், எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் ரப்பர் துண்டு.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவும், வேறு துளைக்குள் நுழையக் கூடாது என்பதற்காகவும்தான். அதைக் குறடால் வெட்டியெறிகிறவர்களையும், இருமுனை கன்வெர்ட்டரில் மாட்டி எர்த்தைக் கைகழுவுகிறவர்களையும் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களைவிட மோசமானவர்கள் போலி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விற்பவர்கள். நானே ஒன்றை 220 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நான்கு சாக்கெட், சிவப்பு விளக்கு, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் திருகைக் கழற்றிப் பார்த்தால், கேபிளுக்குள் இரண்டே கம்பிகள். எர்த் துளைகளை இணைக்கும் பித்தளைத் தகடு எதனோடும் சேராமல் பளபளவென்று கிடந்தது. மூன்று துளையைப் போட்டு இரண்டு கம்பியை விற்பது சிக்கனமல்ல, மோசடி.

முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து, சாக்கெட்டின் எர்த்தையும் வெளியே உள்ள எர்த் குழியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்து போனாலும் எர்த் பலவீனமாகும். பிறகு ரசீதோடு விரிப்பின் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

கேள்வி: கம்பியே இல்லாத ஆன்டி ஸ்டாட்டிக் மணிக்கட்டுப் பட்டை இணையத்தில் வருகிறது. வாங்கலாமா? (வேலூர்)

பதில்: வேண்டாம். நான் வாங்கியது மேசை இழுப்பறையில் தூங்குகிறது. உடலில் சேர்ந்தது இறங்க வழி வேண்டும். அந்த வழிதான் கம்பி. கம்பியுள்ள நல்ல பட்டையில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கும். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்தக் கம்பி வழியே கால் மில்லியாம்பியருக்கு மேல் பாயாது. ஆகவே வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நீங்களே ஒன்றைச் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டு வாக்குவம் கிளீனரால் உள்ளே தூசியை உறிஞ்சினேன். அதன் பிறகு திரை வரவில்லை. வாரண்டி கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். (மதுரை)

பதில்: நானும் சிரித்தேன். பிளாஸ்டிக் குழாயில் தூசி உரசி ஓடினால் நிலைமின்சாரம் சேரும். அதை ஓடுகிற மதர்போர்டின் மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். இனி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதுங்கள்.

கேள்வி: ரேமைச் சாதாரண பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித் தந்தார்கள். இரண்டாம் நாளே கணினி பீப் ஒலி எழுப்பி நின்றுவிட்டது. 'உங்கள் கை ஸ்டாட்டிக்கில் போய்விட்டது, வாரண்டி கிடையாது' என்கிறார்கள். (நாகர்கோவில்)

பதில்: நிலைமின்சாரத்தால் சில்லுக்குள் ஏற்படும் சேதம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, சில்லின் மேலுறையைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் சொல்ல வேண்டியதை, கல்லாவில் உட்கார்ந்தபடி எப்படிச் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். நிலைமின்சாரத்தை அவ்வளவு அறிந்தவர், ரேமை நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் வெள்ளி நிற உறையில் தராமல், உரசினாலே மின்னேறும் பாலித்தீனில் ஏன் தந்தார் என்றும் கேளுங்கள். அந்தப் பையையும் ரசீதையும் தூக்கியெறியாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் நீங்களே நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.