டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: பாம்பன் பக்கம் மீனவர் குடும்பம் எங்களுடையது. அப்பா 44 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணனுக்கு 38 வயது. இதயத் தசை தடித்திருக்கிறது என்று மதுரையில் சொன்னார்கள். இப்போது ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து, டி.என்.ஏ.வை ஆராய எங்கள் எல்லோரிடமும் இரத்தம் கேட்கிறது. ஊர்த் தலைவர் கொடுக்கச் சொல்லிவிட்டார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: இரத்தம் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பேசுவோம். நீங்கள் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்தீர்களா அம்மா? இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள், கூடவே ஈசிஜியும். அப்பா இறந்த விதத்தையும் அண்ணனின் நோயையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை தடிக்கும் இந்த நோய் பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஆராய்ச்சிக் குழு பார்த்துச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். அவர்களுடைய முடிவு வர வருடங்கள் ஆகலாம், உங்கள் கைக்கு வராமலும் போகலாம்.

சரி, கொடுக்கலாமா? கொடுங்கள் என்றுதான் சொல்வேன். எம்ஒய்பிபிசி3 என்று ஒரு மரபணு. அதில் டி.என்.ஏ.வின் 25 எழுத்துகள் விடுபட்டுப்போனால் இதயத் தசை பலவீனப்பட வாய்ப்பு அதிகம். இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இந்தக் குறை இருப்பது 2009இல் வெளியானது. வெள்ளைக்காரர்களின் இரத்தத்தை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. நம் ஆட்கள் கொடுத்ததால் தெரிந்தது.

ஆனால் உங்கள் பயம் நியாயமானது. ‘பெயரை எடுத்துவிட்டு எண் போடுவோம்’ என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், நம் கடற்கரைக்கு அது போதாது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் இவை. ‘அப்பா இந்த வயதில் தூக்கத்தில் இறந்தார், மகனுக்கு இந்த வயதில் இதய நோய், ஊர் இன்னது’ என்று ஒரு கட்டுரையில் வந்தால் போதும், டி.என்.ஏ.வே வேண்டாம், மீன் ஏலக் கூடத்தில் நிற்கும் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். (உங்கள் கேள்வியிலும் வயதையும் ஊரையும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.) அதனால் வெளியிடும்போது ஊர்ப் பெயர் வேண்டாம், மாவட்டம் மட்டும் போதும் என்று சொல்லி, அதைப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, இரத்தம் வேறு எதற்கெல்லாம் போகும் என்று கேளுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய் பழங்குடியினர் 1990களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு என்று நம்பி இரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனச்சிதைவு நோயைப் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும் ஆராய்ந்தது பின்னால்தான் தெரியவந்தது. வழக்குப் போட்டு, 2010இல் 7 இலட்சம் டாலரும் மீதமிருந்த இரத்தத்தையும் திரும்பப் பெற்றார்கள். உங்கள் படிவத்தில் ‘எதிர்கால ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம்’ என்று இருந்தால், இதய நோய்க்கு மட்டும் சம்மதம் தர வழி உண்டா என்று கேளுங்கள். நம் நாட்டில் மரபணுத் தகவலுக்கென்றே தனிச் சட்டம் கிடையாது. அதனால் படிவத்தில் இருக்கும் வரிகள்தான் உங்களுக்குப் பிடிமானம்.

ஊர்த் தலைவர் சொன்னது அவருடைய யோசனை, அவ்வளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஊர்ப் பெரியவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரும் தனியாகச் சம்மதிக்க வேண்டும். விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்கு வர வேண்டும். இடையில் விலகிக்கொள்ளலாம், அதனால் அண்ணனின் சிகிச்சை எதுவும் நின்றுவிடாது. தமிழில் படிவம் இல்லை, ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இல்லை என்றால் கையை நீட்ட வேண்டாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரத்தத்தில் தெரிவது உங்களோடு நிற்காது, அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லும். அதனால் அவளை உட்காரவைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா, இல்லையா என்று படிவத்தில் கேட்டிருந்தால், அவளுக்கான பதிலை அவளே எழுதட்டும். அவள் வேண்டாம் என்றால் நீங்கள் மட்டும் கொடுக்கலாம். உங்கள் எக்கோவில் ஏதாவது தெரிந்தால் மட்டும், வரன் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அவளையும் உடனே பரிசோதித்துவிடுங்கள்.